கிரியாட்டினின் ஏறுகிறது, எடை இறங்கவில்லை: ஃபுரோசிமைடை நிறுத்துவதா, கூட்டுவதா?

மார்ச் 4, இரவு 10.12 | இரவுப்பணி

68 வயது, இதயச் செயலிழப்பு, எஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன் 30 சதவீதம் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளித்தள்ளும் ரத்தத்தின் பங்கு). வீட்டில் ஃபுரோசிமைடு (நீர் மருந்து) மாத்திரை 40 மி.கி. காலையும் மாலையும். வழக்கமான எடை 70 கிலோ, சேர்க்கும்போது 78. முழங்கால் வரை வீக்கம். கழுத்து ரத்தநாளம் தாடை வரை புடைத்து நிற்கிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது. ஊசியாக 20 மி.கி. இரு வேளை போகிறது. மூன்றாம் நாள் எடை 77.4. கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வடிகட்டுகிறது என்று காட்டும் ரத்த அளவு) 1.3-லிருந்து 1.7. சோடியம் 131, பொட்டாசியம் 3.4, பிபி 112/70, கை கால் கதகதப்பாக இருக்கிறது. ‘சிறுநீரகம் அடிபடுகிறது, நீர் மருந்தை நிறுத்து’ என்று ஒரு பக்கம். ‘இரண்டு நாள் பார்க்கலாம்’ என்று இன்னொரு பக்கம். எது சரி?

மார்ச் 4, இரவு 10.51 | ஹென்லே வளையம்

இரண்டும் இல்லை. அளவைக் கூட்ட வேண்டும், அதையும் இன்றைக்கே.

முதலில் கணக்கு. ஃபுரோசிமைடு மாத்திரையில் சராசரியாகப் பாதிதான் ரத்தத்தில் சேரும். ஆளுக்கு ஆள் அது 10 முதல் 100 சதவீதம் வரை மாறும். வீட்டில் நாளுக்கு 80 மி.கி. மாத்திரை என்றால் ஊசிக் கணக்கில் சுமார் 40. நீங்கள் கொடுப்பதும் 20 + 20 = 40. வீட்டில் போதாமல் போன அதே அளவு, ஊசி என்ற பெயரில் மூன்று நாளாகத் தொடர்கிறது. மருந்து தோற்கவில்லை, போதிய மருந்து இன்னும் போகவே இல்லை.

ஃபுரோசிமைடு ரத்தத்தில் 95 சதவீதத்துக்கு மேல் ஆல்புமினோடு ஒட்டிக்கொண்டே சுற்றும். அதனால் சிறுநீரக வடிகட்டி வழியாக இறங்குவது மிகக் குறைவு. சிறுநீரகக் குழலின் முதல் பகுதியான முன்குழலின் செல்கள்தான் அதைப் பிடித்து குழலுக்குள் தள்ள வேண்டும். அங்கிருந்து ஹென்லே வளையம் என்ற குழல் வளைவின் தடித்த ஏறுபகுதிக்குப் போய், உள்பக்கமாக நின்று சோடியம்-பொட்டாசியம்-குளோரைடு கடத்தியை அடைக்கும். குழலுக்குள் ஒரு குறிப்பிட்ட செறிவு வரும்வரை ஏறக்குறைய எதுவும் நடக்காது. அதைத் தாண்டியதும் சிறுநீர் சட்டென்று பெருகும். அதற்கு மேல் ஓர் உச்சம் உண்டு, அப்புறம் எவ்வளவு கூட்டினாலும் அந்த வேளையில் கூடுதல் பலன் இல்லை. இதயச் செயலிழப்பில் அளவுக்கும் பலனுக்குமான இந்த வளைவு வலப்பக்கம் நகர்ந்துவிடும், அதாவது அதே பலனுக்கு அதிக மருந்து வேண்டும், உச்சமும் தாழ்ந்துவிடும். 20 மி.கி. அந்த முதல் வரம்புக்குக் கீழே நின்றால், அதை நாளுக்கு நான்கு முறை கொடுத்தாலும் நான்கு முறையும் வீண்தான். வேளையைக் கூட்டும் முன் ஒரு வேளையின் அளவைக் கூட்டுங்கள்.

2021 ஐரோப்பிய வழிகாட்டுதல்படி, ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவருக்கு முதல் ஊசி அவருடைய ஒரு நாள் மாத்திரை அளவின் ஒன்று முதல் இரண்டு மடங்கு. இவருக்கு 80-இலிருந்து 160 வரை. 80-இல் தொடங்குங்கள்.

மார்ச் 4, இரவு 11.05 | இரவுப்பணி

கிரியாட்டினின் 1.7 இருக்கும்போது 80 கொடுத்தால் நாளைக்கு 2.2 ஆகாதா? அதுதான் எல்லோருடைய பயமும்.

மார்ச் 4, இரவு 11.40 | நெஃப்ரோ

கிரியாட்டினினைத் தனியாகப் படித்தால் அது தப்பான வழி காட்டும். கூடவே நெரிசல் (உடலில் நீர் தேங்கி நிற்பது) குறைகிறதா என்று பார்க்க வேண்டும்.

இவருக்கு மூன்று நாளில் வெறும் 600 கிராம் இறங்கியிருக்கிறது, கழுத்து நாளம் இன்னும் தாடையில். நீர் வறண்டு கிரியாட்டினின் ஏறியிருக்க வாய்ப்பே இல்லை. சிறுநீரகச் சிரையில் அழுத்தம் ஏறி, வடிகட்டலுக்கு வேண்டிய அழுத்த வேறுபாடு சுருங்கியிருக்கிறது. அந்தச் சிறுநீரகத்துக்கு மருந்தே நீரை இறக்குவதுதான்.

2011-இல் வந்த ‘டோஸ்’ (DOSE) என்ற ஆய்வு 308 பேரிடம் நடந்தது. ஒரு பிரிவுக்கு மாத்திரை அளவையே ஊசியாக, இன்னொரு பிரிவுக்கு அதைப்போல் 2.5 மடங்கு. முதன்மை முடிவுகளில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் கூடுதல் அளவில் மூச்சுத்திணறலும் எடையும் அதிகம் குறைந்தன, நீரும் அதிகம் வெளியேறியது. கிரியாட்டினின் 0.3-க்கு மேல் ஏறியவர்கள் அந்தப் பிரிவில் 23 சதவீதம், மற்றதில் 14. அறுபதாம் நாள் பார்த்தபோது அந்த வேறுபாடு இல்லை. எடை இறங்கி, மூச்சு சீராகி, கூடவே கிரியாட்டினின் கொஞ்சம் ஏறினால் அது பெரும்பாலும் குழல் செல் சேதம் அல்ல. பதற வேண்டாம்.

நிறுத்த வேண்டிய ஏற்றம் வேறு மாதிரி இருக்கும். கழுத்து நாளம் தட்டையாகிவிடும், எழுந்து நின்றால் பிபி விழும், யூரியா கிரியாட்டினினைவிட வேகமாக ஓடும், ஹீமடோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறும், வீக்கம் போயிருக்கும். அப்போது தாராளமாக நிறுத்துங்கள். மூன்றாவது வகையும் உண்டு: கை கால் சில்லிட்டு, மேல்-கீழ் பிபி இடைவெளி மேல்பிபியில் கால்பங்குக்கும் கீழே சுருங்கி, லாக்டேட் (திசுக்களுக்கு ரத்தம் போதாததைக் காட்டும் அளவு) ஏறி நிற்கும். அங்கே இதயம் தள்ளவே இல்லை, ஃபுரோசிமைடை மட்டும் கூட்டிப் பயனில்லை. இவருக்கு 112-இல் இடைவெளி 42, கை கால் கதகதப்பு. அந்த வகை அல்ல.

வயிறு கல் மாதிரி இறுகியிருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பாருங்கள். நீர் நிறைந்து வயிற்றுக்குள் அழுத்தம் ஏறினாலும் சிறுநீர் நின்றுவிடும். அப்போது வயிற்றில் ஊசி குத்தி அந்த நீரைக் கொஞ்சம் வடித்தாலே சிறுநீரகம் திறந்துகொள்ளும்.

மார்ச் 5, காலை 6.20 | வார்டு சிஸ்டர்

டாக்டர்கள் அளவைப் பேசுகிறீர்கள். அளந்தது சரியா என்று யாரும் கேட்கவில்லை.

78-ம் 77.4-ம் ஒரே தராசா? அவசரப் பிரிவில் சக்கர நாற்காலித் தராசு, வார்டில் நின்று பார்க்கும் தராசு என்றால் ஒரு கிலோ வித்தியாசம் சாதாரணம். காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன், அதே உடை, அதே தராசு. இல்லையென்றால் அந்த எண்ணை வைத்து மருந்தை மாற்றாதீர்கள்.

கதீட்டர் இருந்தால் குழாய் தொடைக்கு அடியில் மடங்கிக் கிடக்கிறதா என்று முதலில் தூக்கிப் பாருங்கள். கதீட்டர் இல்லாதவர் கழிவறைக்குப் போய் ஊற்றிவிட்டு வந்துவிடுவார், சார்ட்டில் ‘400 மி.லி.’ என்று நிற்கும். டயப்பர் என்றால் நனைந்ததை எடை போட்டு, காய்ந்ததன் எடையைக் கழியுங்கள். 1 கிராமுக்கு 1 மி.லி. என்று வைத்தால் போதும்.

நீர் அளக்க மட்டும் கதீட்டர் போட வேண்டாம். நடக்க முடிகிறவருக்கு அளவுக்குடுவை போதும்.

மார்ச் 5, காலை 7.02 | ஹென்லே வளையம்

சிஸ்டர் சொன்னதை அச்சடித்து வார்டில் ஒட்டலாம். எடை, நீர் வரவு-செலவு இரண்டும் அடிக்கடி ஒத்துப்போகாததற்கு இதுதான் காரணம்.

எடையும் சார்ட்டும் வரும்வரை காத்திராமல் இரண்டே மணி நேரத்தில் பதில் தருவது சிறுநீர் சோடியம். ஊசிக்கு முன் சிறுநீர்ப்பையைக் காலி செய்யச் சொல்லுங்கள். ஊசி போட்டு இரண்டு மணி நேரத்தில் வரும் சிறுநீரில் கொஞ்சம் எடுத்து சோடியம் மட்டும் கேளுங்கள். முன்பே பையில் தேங்கியிருந்த நீர் கலந்தால் எண் பொய்யாகும். சோடியம் லிட்டருக்கு 50-70 மில்லி ஈக்குவலன்டுக்குக் கீழே இருந்தால் மருந்தின் அளவு போதவில்லை. அடுத்த வேளையில் இரண்டு மடங்கு. ஆறு மணி நேரத்தில் சிறுநீர் மணிக்கு 100-150 மி.லி.க்குக் கீழே இருந்தாலும் அதேதான்.

அடுத்த நாள் ரவுண்ட்ஸ் வரை காத்திராதீர்கள். 80 போதவில்லை என்று 10 மணிக்கே தெரிந்தால் 160-ஐ அன்றைக்கே கொடுக்கலாம். நாளுக்கு 400-600 வரை வழக்கம், சிறுநீரகம் மிக மோசமென்றால் 1000 வரையும் போகிறார்கள்.

2023-இல் புஷ்-ஏஎச்எஃப் ஆய்வு சிறுநீர் சோடியத்தை வைத்து அளவைக் கூட்டும் முறையைச் சோதித்தது. 24 மணி நேரத்தில் வெளியேறிய சோடியம் கூடியது. 180 நாளில் மரணமோ மறுபடி சேர்ப்போ குறையவில்லை. ஆகவே இதனால் உயிர் நீளும் என்று நான் சொல்ல மாட்டேன். வீணாகும் மூன்று நாளை மிச்சப்படுத்தும், அது எனக்குப் போதும்.

மார்ச் 5, காலை 7.30 | மருந்தறை

80 மி.கி.யை ஒரே தள்ளாகத் தள்ளாதீர்கள். நிமிடத்துக்கு 4 மி.கி.க்கு மேல் போகக் கூடாது. 80-க்கு 20 நிமிடம், 160-க்கு 40 நிமிடம். வேகமாகப் போனால் காதில் இரைச்சல், காது கேளாமை. சிறுநீரகம் பழுதானவருக்கும், கூடவே அமிக்காசின், ஜென்டாமைசின் போகிறவருக்கும் அந்த அபாயம் அதிகம்.

மருந்து காரத்தன்மை உள்ளது. டோபுட்டமின், மிடசோலம், அமியோடரோன் போகும் அதே குழாயில் விட்டால் வெண்மையாகத் திரிந்து அடைக்கும். தனி வழி வேண்டும், இல்லையென்றால் முன்னும் பின்னும் சலைன் விட்டுக் கழுவ வேண்டும். கரைக்க சலைன்தான், டெக்ஸ்ட்ரோஸ் வேண்டாம். வெளிச்சம் படாமல் மூடி வையுங்கள். மஞ்சளாகியிருந்தால் எறிந்துவிடுங்கள்.

மார்ச் 5, காலை 8.15 | இரவுப்பணி

தொடர் இன்ஃப்யூஷன் போட்டால் இந்தக் கவலை இல்லையே?

மார்ச் 5, காலை 8.44 | ஹென்லே வளையம்

டோஸ் ஆய்வு அதையும் ஒப்பிட்டது. 12 மணி நேரத்துக்கு ஒருமுறை ஊசியா, தொடர் இன்ஃப்யூஷனா என்பதில் வித்தியாசம் இல்லை. போடுவதென்றால் முதலில் முழு போலஸ் (ஒரே தவணையாகப் போகும் அளவு) கொடுத்துவிட்டுப் போடுங்கள். ‘மணிக்கு 5 மி.கி.’ என்று வெறுமனே தொடங்கினால் ரத்தத்தில் நிலையான அளவு வரவே பல மணி நேரம் ஆகும், சிறுநீரகம் மந்தமென்றால் இன்னும் தாமதம். அதுவரை மருந்து வரம்புக்குக் கீழேயே ஓடிக்கொண்டிருக்கும்.

மார்ச் 5, மதியம் 1.20 | இரவுப்பணி

வேறு தராசில் எடுத்திருக்கிறார்கள். சிஸ்டர் கேட்டது சரி. இன்று அதே தராசில் 77.9. 80 மி.கி. 20 நிமிடத்தில் போனது. இரண்டு மணி நேரச் சிறுநீர் சோடியம் 44. 160 கொடுத்தாயிற்று. பொட்டாசியம் ஏற்றிக்கொண்டிருக்கிறோம்.

மார்ச் 5, மதியம் 1.35 | நெஃப்ரோ

மக்னீசியமும் பாருங்கள். அது குறைவாக இருந்தால் எவ்வளவு பொட்டாசியம் கொடுத்தாலும் சிறுநீரில் ஓடிவிடும். பொட்டாசியம் 4-க்கு மேலும் மக்னீசியம் 2-க்கு மேலும் இருக்கட்டும்.

வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் எதுவும் போகவில்லையே? சார்ட்டில் ‘தேவைப்பட்டால்’ என்ற வரியில் ஒளிந்திருக்கும். அவை சோடியத்தைத் தேக்கும், ஃபுரோசிமைடு குழலுக்குள் இறங்குவதையும் தடுக்கும்.

மார்ச் 6, காலை 9.10 | இரவுப்பணி

24 மணி நேரத்தில் 2,300 மி.லி., எடை 76.8. கிரியாட்டினின் 1.8. பைகார்பனேட் 32, சோடியம் 130. 160 இரு வேளை தொடர்கிறது. இன்னும் ஆறேழு கிலோ பாக்கி. மெட்டோலசோன் (வேறு வகை நீர் மாத்திரை) 5 மி.கி. சேர்க்கலாமா?

மார்ச் 6, காலை 9.48 | ஹென்லே வளையம்

எடை இறங்குகிறது, 1.8-ஐ விட்டுவிடுங்கள். இரண்டாவது மருந்து தேவைதான், ஆனால் எது என்று யோசிக்க வேண்டும்.

வளையத்தை அடைத்துக்கொண்டே இருந்தால் அதற்குக் கீழேயுள்ள பின்குழல் செல்கள் பருத்து, தப்பி வரும் சோடியத்தை அள்ளிக்கொள்ளும். நாள்பட ஃபுரோசிமைடு சாப்பிடுகிறவரிடம் மருந்து மங்குவது இதனால்தான். தயசைடு வகை அந்த இடத்தை அடைக்கும், மெட்டோலசோன் 2.5-5 மி.கி. போதும். 2023 க்ளோரோட்டிக் ஆய்வில் ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்த்தவர்களுக்கு எடை அதிகம் குறைந்தது, கிரியாட்டினினும் அதிகம் ஏறியது.

ஆனால் சோடியம் 130. தயசைடு சோடியத்தை இன்னும் இறக்கும், பொட்டாசியத்தை வேகமாக இறக்கும். இவருக்கு நான் அதைக் கடைசியாகவே வைப்பேன். பைகார்பனேட் 32 இருக்கிறது. அசிட்டசோலமைடு முன்குழலில் வேலை செய்து சோடியத்தையும் பைகார்பனேட்டையும் தள்ளும். 2022 அட்வார் ஆய்வில் 519 பேர். நாளுக்கு 500 மி.கி. ஊசியாகச் சேர்த்தபோது மூன்று நாளுக்குள் நெரிசல் தீர்ந்தவர்கள் 42.2 சதவீதம், சேர்க்காதவர்களில் 30.5. பைகார்பனேட் 27-க்கு மேல் இருந்தவர்களிடம் பலன் கூடுதல். அந்த ஆய்வில் எஸ்ஜிஎல்டி2 மருந்து (சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் வகை, இதயச் செயலிழப்புக்கும் கொடுப்பது) எடுப்பவர்களைச் சேர்க்கவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

மார்ச் 6, காலை 10.05 | மருந்தறை

மெட்டோலசோனை ஃபுரோசிமைடுக்கு அரைமணி முன்னால் கொடுக்க வேண்டும் என்று எழுதிவைப்பது பல வார்டில் வழக்கம். அதன் வேலை ஒரு நாளுக்கு மேல் நீடிக்கும். அந்த அரைமணியால் ஒன்றும் மாறாது. சேர்த்தே கொடுக்கலாம். கொடுப்பதென்றால் இரண்டு மூன்று நாளுக்குத்தான், தினமும் எலக்ட்ரோலைட் பார்க்க வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் ‘தினம் ஒன்று’ என்று தெரியாமல் தங்கிவிட்டால் ஒரு வாரத்தில் பொட்டாசியம் 2.6-ஓடு திரும்பி வருவார்.

மார்ச் 6, மாலை 5.30 | நெஃப்ரோ

ஸ்பைரனோலாக்டோன் (இன்னொரு வகை நீர் மாத்திரை) 100 மி.கி. கொடுத்தால் நீர் போகுமே என்று கேட்க வருகிறவர்களுக்கு: 2017 அதீனா ஆய்வில் 96 மணி நேரம் அந்த அளவைக் கொடுத்தும் கூடுதல் நீர் போகவில்லை. 25 மி.கி. தொடர வேண்டியது உயிர் காக்க. 1999 ரேல்ஸ் ஆய்வில் மரணம் 30 சதவீதம் குறைந்தது. டோபமைன் சிறு அளவும் 2013 ரோஸ் ஆய்வில் கைகொடுக்கவில்லை. இயந்திரம் வைத்து நீரை வடிப்பது 2012 கேரஸ் ஆய்வில் படிப்படியான மருந்து முறையைவிட மோசமாகவே போனது: எடை இறங்கியது ஒரே அளவு, கிரியாட்டினின் ஏற்றமும் பக்கவிளைவும் அதிகம்.

மார்ச் 7, காலை 6.45 | வார்டு சிஸ்டர்

ஒன்று கேட்கிறேன். நீரை வெளியேற்ற இவ்வளவு பாடுபடுகிறோம். ஆன்டிபயாடிக் ஒவ்வொரு வேளையும் 100 மி.லி. சலைனில் போகிறதே, அது கணக்கில் வருமா?

மார்ச் 7, காலை 7.10 | ஹென்லே வளையம்

கட்டாயம் வரும். 100 மி.லி. சலைனில் 15.4 மில்லி ஈக்குவலன்ட் சோடியம். மூன்று வேளைக்கு 46. கிட்டத்தட்ட 2.7 கிராம் உப்பு. ஃபுரோசிமைடு சிறுநீரில் லிட்டருக்கு 70 போகிறது என்று வைத்தால், அந்த மூன்று பாட்டிலை ஈடுகட்டவே 650 மி.லி. சிறுநீர் வேண்டும். டெக்ஸ்ட்ரோஸில் கரையும் மருந்தை அதில் கரையுங்கள், சிரிஞ்சில் மெதுவாகத் தள்ளக்கூடியதைத் தள்ளுங்கள். ஃபுரோசிமைடுக்கு அது பொருந்தாது, மருந்தறை மேலே சொன்னபடி.

சாப்பாட்டு உப்பைப் பொறுத்தவரை, 2022 சோடியம்-எச்எஃப் ஆய்வில் வெளிநோயாளிகளுக்கு நாளுக்கு 1,500 மி.கி. சோடியத்துக்குக் கீழே இறக்க முயன்றும் மரணமோ சேர்ப்போ குறையவில்லை. உப்பே இல்லாத தட்டை நீட்டி, அவர் சாப்பிடாமல் மெலிவதில் லாபம் இல்லை.

மார்ச் 7, இரவு 9.25 | புதியவர்

குறுக்கே ஒரு கேள்வி. குடல் வீங்கியிருப்பதால் மாத்திரை உறிஞ்சப்படாது, அதனால்தான் ஊசி என்று படித்தேன். சரிதானே?

மார்ச் 7, இரவு 9.50 | மருந்தறை

பாதி சரி. மொத்தமாக உறிஞ்சப்படும் அளவு பெரிதாகக் குறைவதில்லை, வேகம்தான் குறைகிறது. மெல்ல மெல்லக் கசிந்து வருவதால் ரத்தத்தில் உச்சம் தாழ்ந்துபோகும், குழலுக்குள் வரம்பைத் தாண்டாது. ஊசி ஐந்து நிமிடத்தில் தொடங்கி, அரைமணியில் உச்சம், இரண்டு மணி நேரத்தில் முடியும்.

ஃபுரோசிமைடு வகையிலேயே இன்னொன்றான டோர்செமைடு மாத்திரையில் 80-100 சதவீதம் சேரும், வேலையும் நீளம். அதன் 20 மி.கி.க்கு ஃபுரோசிமைடு மாத்திரை 40-80 வரை ஈடாக வைக்கிறார்கள். அதனால் உயிர் கூடுதலாகக் காக்குமா என்று 2023 டிரான்ஸ்ஃபார்ம்-எச்எஃப் 2,859 பேரிடம் பார்த்தது. மரணம் இரு பக்கமும் 26 சதவீதம்தான். ஃபுரோசிமைடு மாத்திரை ஒருவருக்கு ஒழுங்காக வேலை செய்யவில்லை என்றால் மாற்றிப் பார்க்கலாம், எல்லோரையும் மாற்றத் தேவையில்லை.

மார்ச் 8, காலை 8.00 | நெஃப்ரோ

இந்த உரையாடல் எங்கெங்கோ போவதால் இதையும் போட்டுவிடுகிறேன். மூச்சு முட்டுவதெல்லாம் நீர் கூடியதால் அல்ல. பிபி 200/110, ஒரு மணி நேரத்தில் நுரையீரல் நிறைந்தது, கால் வீக்கம் இல்லை, எடை கூடவில்லை என்றால் நீர் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அங்கே நைட்ரேட்டும் முகமூடி வழி அழுத்தக் காற்றும்தான் முதலில். ஃபுரோசிமைடு 200 அடித்து மறுநாள் பிபி விழுவதைப் பார்க்க வேண்டாம்.

கால் மட்டும் வீங்கி, கழுத்து நாளம் தட்டையாக இருந்தால் மருந்துச் சீட்டைப் புரட்டுங்கள். அம்லோடிபின், பிரெகாபலின் இரண்டும் காலை வீங்க வைக்கும். அம்லோடிபின் வீக்கத்துக்கு நீர் மாத்திரை வேலை செய்யாது. அம்லோடிபினைத்தான் குறைக்க வேண்டும்.

மார்ச் 9, காலை 9.35 | இரவுப்பணி

அசிட்டசோலமைடு மூன்று வேளை முடிந்தது. 71.6 கிலோ. கிரியாட்டினின் 1.5. பைகார்பனேட் 26. படுத்துத் தூங்குகிறார். டிஸ்சார்ஜ் கேட்கிறார்.

மார்ச் 9, காலை 10.20 | ஹென்லே வளையம்

71.6-இல் கழுத்து நாளம் எங்கே நிற்கிறது, ஈரலை அழுத்தினால் ஏறுகிறதா? நின்று நடந்தால்? கீழ்ப் பெருஞ்சிரை 2.1 செ.மீ.க்கு மேல் விரிந்து, மூச்சிழுக்கும்போது பாதிகூடச் சுருங்கவில்லை என்றால் இன்னும் நீர் இருக்கிறது. பழைய 70 கிலோவைக் குறியாக வைக்காதீர்கள். மாதக்கணக்கில் சாப்பாடு குறைந்து சதை கரைந்திருந்தால் அவருடைய உண்மையான வறண்ட எடை (தேங்கிய நீர் இல்லாத எடை) இப்போது 68 ஆக இருக்கலாம். மேலே ‘ஆறேழு கிலோ பாக்கி’ என்றது 70-ஐ வைத்துப் போட்ட கணக்கு. வீட்டுக்குப் போய்ப் பசி திரும்பிச் சதை போட்டால் அதே எண் மேலே போகும். ஒவ்வொரு வருகையிலும் அந்த எடையைத் திருத்தி எழுத வேண்டும்.

பழையபடி 40 + 40 மாத்திரைக்கு அனுப்பினால் திரும்ப வருவார். அது போதாமல்தான் வந்தார். டோர்செமைடு 40 மி.கி. காலையில், அல்லது ஃபுரோசிமைடு 80 காலை, 80 மதியம் 2 மணி. மாலை 6-க்குக் கொடுத்தால் இரவெல்லாம் எழுந்து எழுந்து, மூன்றாம் நாள் அவரே நிறுத்திவிடுவார். எஸ்ஜிஎல்டி2 மருந்து டிஸ்சார்ஜுக்கு முன்பே தொடங்கலாம், டைப் 1 சர்க்கரை இல்லையென்றால். ஒரு வாரத்தில் பொட்டாசியம், கிரியாட்டினின்.

மார்ச் 9, காலை 11.00 | வார்டு சிஸ்டர்

வீட்டுத் தராசில் முதல் நாள் காலை எடையை எழுதச் சொல்லுங்கள். நம் தராசின் எண் அங்கே உதவாது. மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அழைக்க வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து சாப்பிட முடியாத நாளில் நீர் மாத்திரையையும் எஸ்ஜிஎல்டி2 மாத்திரையையும் போடும் முன் நமக்கு ஒரு போன். இரண்டையும் சீட்டில் எழுதிக் கொடுத்து, மருந்து எடுத்துக் கொடுக்கப்போகிறவரை ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.